குங்கிலியம் போட்ட பிரேக்

கார் என்றால் எல்லோரும் எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை குதிரைச் சக்தி, எத்தனை சிலிண்டர், ஏற்றத்தில் எந்த கியரில் ஏறும் என்று கேட்டுவிட்டு பானெட்டைத் தடவிப் பார்ப்பார்கள். அதை நிறுத்துவது எது என்று கேட்கமாட்டார்கள். எங்கள் தேயிலை எஸ்டேட் துரையும் அப்படித்தான். மூணாற்றுப் பக்கம், எதிரே மாட்டுவண்டி வந்தால் ஒன்று பின்வாங்கியே தீரவேண்டிய ரோட்டில் ஓட்டுவதற்கு, ஆறு சிலிண்டர் வைத்த பெரிய திறந்த கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். ஏதோ சமஸ்தானத்தில் சும்மா நின்று அலுத்த வண்டி. பானெட் மட்டுமே ஒரு கட்டில் நீளம் இருக்கும். அதற்கு நான் டிரைவர். மலைக்குக் கீழே பள்ளிவாசல் என்ற ஊரில், ஆற்றுத் தண்ணீரில் கரண்டு எடுக்கும் வேலைக்கு ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். எனக்கு முப்பத்திரண்டு வயது. தலைக்கனம் அதைவிடக் கூடுதல்.

அந்த எஞ்சினுக்குத் தகுந்த பிரேக் அதில் இல்லை. மிதித்தால் வண்டிக்கு அடியில் இரும்புக் கம்பிகள் இழுபடும். சக்கரத்துக்குள் இருக்கும் ஷூ விரிந்து டிரம்மை உரசும். உரசுகிற இடத்தில் கல்நார் லைனிங்கைப் பித்தளை ரிவிட் வைத்து அடித்திருக்கும். அந்த ஆண்டு மழை ஓய்ந்ததும் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். லைனிங் அப்பளக் கனத்துக்குத் தேய்ந்து, ரிவிட் டிரம்மைப் பிறாண்டியிருந்தது. போதாக்குறைக்குப் பின் அச்சிலிருந்து எண்ணெய் கசிந்து ஊறியிருந்தது.

துரையிடம் சொன்னேன். புது லைனிங் மதராசிலிருந்து வரவேண்டும், மாற்றுவதற்கு வண்டி ஒரு வாரம் நிற்கவேண்டும் என்றேன்.

"ஒரு வாரமா? நான் கிளப்புக்குக் கழுதை மேலே போறதா?" என்றார். அவருடையது கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பொறுக்கிய தமிழ். "கட்டைக்காரன் சும்மாவா இருக்கான்?"

கட்டைக்காரன் என் தங்கையின் புருஷன். அந்த மலையில் பெரிய வண்டிகளுக்கெல்லாம் அப்படி ஓர் ஆள் உண்டு. இரும்புப் பட்டை அடித்த மரக்கட்டையோடு ஃபுட்போர்டில் நின்று வருவான். சரிவில் வண்டி நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பான். தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவனை இந்த வேலைக்கு இழுத்து வந்தவன் நான்தான். தங்கை கொழுந்து எடுத்தாள். இரண்டு பெண் பிள்ளைகள். செக்ரோல் என்கிற ஆள் கணக்குப் புத்தகத்தில் புருஷன் பேர் இருக்கும்வரை லயத்தில் ஓர் அறை உண்டு. பேரை வெட்டினால் குடும்பமே மலையிறங்க வேண்டியதுதான். திருநெல்வேலிப் பக்கம் அவர்களுக்குக் காணியும் இல்லை, கூரையும் இல்லை. அந்த ஓர் அறைதான் அவர்களுக்கு இருந்ததெல்லாம்.

லைனிங் வராது என்று ஆனபிறகு நான் சும்மா இருந்திருக்கலாம். வண்டியை எடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய முதுகெலும்பு என்னிடம் இல்லை, கெட்டிக்காரத்தனம்தான் இருந்தது. தேயிலை ஃபாக்டரியில் மெஷினை ஓட்டும் பெல்ட் வழுக்கினால் அங்குள்ள ஆட்கள் குங்கிலியத்தைப் பொடித்து அதன்மேல் தூவுவார்கள். பெல்ட் உடனே கவ்விக்கொள்ளும். பெல்ட்டுக்கு ஆகிறது பிரேக்குக்கு ஆகாதா? ஒரு சிரட்டைப் பொடி வாங்கி வந்தேன். லைனிங்கை பெட்ரோலில் கழுவி, பொடியை அப்பி, கம்பிகளின் நட்டை முறுக்கி மூட்டினேன். பங்களா முற்றத்தில் மிதித்துப் பார்த்தேன். வண்டி ஆணி அடித்தாற்போல நின்றது.

துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இறக்கத்தில் டிரம் சூடானால் சாம்பிராணி போட்டதுபோலப் புகை வரும். அது கோயில் வாசனை என்று துரைசானி மூக்கை உறிஞ்சி ரசித்தார். கிளப்பில் என்னைக் காட்டி, என் டிரைவருக்கு லைனிங்கே வேண்டாம் என்று துரை சொல்லிச் சிரித்தார். மற்ற எஸ்டேட் டிரைவர்கள் என்னிடம் வந்து அளவு கேட்டுப் போனார்கள். நானும் பெரிய வைத்தியன் மாதிரி, மூன்று நாளைக்கு ஒரு பிடி என்று சொல்லியனுப்பினேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தங்கை புருஷன் மட்டும் மெச்சவில்லை.

"மச்சான், மொத ரெண்டு வளைவுக்குத்தான் புடிக்குது. பொக வர ஆரம்பிச்சா வழுக்குது. எறங்கி ஓடுறவன் நான், எனக்குத் தெரியும்ல. தொரைட்ட இன்னொருக்காச் சொல்லுங்களேன்."

"நீ கட்டையப் போடுறதப் பாரு மாப்ள. வண்டிய நான் பாத்துக்கிறேன்" என்றேன். 

அவன் சொன்னதுதான் சரி. குங்கிலியம் பிசின். குளிர்ந்திருக்கும்போது கவ்வும், சூட்டில் உருகி, லைனிங்கின்மேல் கண்ணாடிபோல் படிந்துவிடும். பெல்ட் அந்த அளவு சூடாவதில்லை. இது எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்ல ஆசைதான். அரைகுறையாகத் தெரியும். சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் அந்தப் பளபளப்பைச் சுரண்டி எடுத்தவன் நான்தானே.

ஒரு நாள் மத்தியானம் விருந்தாளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கரண்டு வேலையைக் காட்ட துரை பள்ளிவாசலுக்கு இறங்கினார். மூன்றாவது வளைவில் புகை கிளம்பியது. நான்காவதில் மிதி கல்லாகக் கிடந்தது, வண்டி கேட்கவில்லை. கைப்பிரேக்கும் அதே டிரம்மைத்தான் பிடிக்கும், அதை இழுத்தும் பயனில்லை. கியரைக் குறைக்கப் பார்த்தேன். பல் அலறியதே தவிர விழவில்லை. வண்டியை மலைப்பக்கம் ஒடித்து மட்கார்டை மண்சுவரில் தேய்த்தேன். வேகம் ஆள் ஓடுகிற அளவுக்குக் குறைந்தது. ஆனால் இருபது கஜத்தில் அடுத்த வளைவு, அதற்கப்பால் பள்ளம்.

"கட்டை!" என்று கத்தினேன்.

அவன் குதித்துவிட்டான். முதல் தடவை சக்கரம் கட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு உருண்டது. அவன் கட்டையைப் பொறுக்கிக்கொண்டு ஓடி, மறுபடியும் சக்கரத்துக்கு முன்னால் வைத்தான். இந்தத் தடவை அது நழுவாதபடி காலால் அண்டை கொடுத்தான். வண்டி நின்றது. சக்கரம் பாதி கட்டைமேலும் பாதி அவன் பாதத்தின்மேலும் ஏறி நின்றது.

பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த விருந்தாளிக்கு இது எதுவும் தெரியவில்லை. அவர் என் தோளைத் தட்டி, பலே டிரைவர் என்றார்.

ஆஸ்பத்திரியில் அவன் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாலாம் நாள், எங்கள் துரைக்கும் மேலான பெரிய துரை எஸ்டேட் ஆபீசுக்கு விசாரிக்க வந்தார். எங்கள் துரை பக்கத்தில் உட்கார்ந்து குழாயில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார்.

"பிரேக் நல்லா இருந்ததா?" என்று பெரிய துரை என்னைக் கேட்டார்.

நல்லா இல்லை என்றால், ஏன் ஓட்டினாய் என்று என்னைக் கேட்பார். ஏன் மாற்றவில்லை என்று துரையைக் கேட்பார். நல்லா இருந்தது என்றால் பழியைப் போட மிச்சமிருப்பவன் ஒருவன்தான். துரை என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை, என்னை அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்.

"நல்லா இருந்தது தொரை" என்றேன்.

கட்டைக்காரன் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அவன் பேரை செக்ரோலில் வெட்டினார்கள். காயம் ஆறும்வரை இருந்துவிட்டு அறையைக் காலி பண்ண வேண்டும் என்று கங்காணி போய்த் தங்கையிடம் சொன்னான். நான் போகவில்லை. எனக்கு வேலை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தே நாளில் மதராசிலிருந்து லைனிங் வந்துவிட்டது. வண்டி ஒரு வாரம் நின்றது. துரை பக்கத்து எஸ்டேட்காரர் காரில் கிளப்புக்குப் போய்வந்தார், ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. நானே உட்கார்ந்து பழைய லைனிங்கைப் பெயர்த்து, டிரம்மைத் தேய்த்து வழவழப்பாக்கி, புதியதை ரிவிட் அடித்தேன். அச்சுக்குப் புது எண்ணெய்த் தடுப்பும் போட்டேன். நாலு சக்கரமும் ஒன்றுபோலப் பிடிக்கும்படி கம்பிகளை அளந்து மூட்டினேன். என் ஆயுளில் அவ்வளவு ஒழுங்காக ஒரு வேலை செய்ததில்லை.

புது லைனிங் டிரம்மில் படிய, வண்டியைக் கொஞ்ச தூரம் மலையிறக்கிப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் துரை ஏறுவதாக இல்லை. "உன் தங்கச்சி ஆட்களை ஏத்திக்கோ. லோடும் இருக்கும்" என்றார். அதைத் தர்மமாக நினைத்துத்தான் சொன்னார். 

ஆக, ஊருக்குப் போகும் லாரி நிற்கிற இடம்வரை அவர்களை நான்தான் கொண்டுபோனேன். இரண்டு மூட்டை, தண்ணீர் பிடிக்கிற குத்துப்போணி ஒன்று, பிள்ளைகள், மடியில் ஊன்றுகோலோடு அவன். துரைசானி உட்கார்கிற சீட்டில் தங்கை நுனியில் உட்கார்ந்திருந்தாள். பாதி இறக்கத்தில் ஓர் எருமை குறுக்கே வந்தது. மிதித்தேன். ஒரு சத்தம் இல்லை, வழுக்கல் இல்லை, வண்டி அந்த இடத்திலேயே நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

எருமை போகும்வரை தங்கை மூட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, சண்டை பிடிக்கிற குரலில் இல்லாமல், தெரியாததைக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஏண்ணே, முன்னமே நல்லாத்தான் இருந்துச்சுன்னா, இப்ப எதுக்குப் புதுசு போட்ட?"

நான் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினேன். அவன்தான் பேசினான்.

"கேக்காத புள்ள. பெரிய தொர ஆசுபத்திரிக்கும் வந்து கேட்டாரு. பிரேக்கப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நானும்தான் சொன்னேன். ஒரு குடும்பத்துல ரெண்டு பேரும் பேரு வெட்டிக்கிட்டு என்ன செய்ய?"

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அவன்.