குறிப்பேட்டில் விட்டுப்போன அகலம்

"பின் சக்கரத்துக்குப் புது டியூப், 28." 1934 மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமைக்கு நேரே என் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன். அன்று பிரிக்பீல்ட்ஸில் என்னுடன் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர், ஐந்து வருடமாகப் பார்க்காத மகளைக் காணக் கடல் தாண்டி ஊருக்குப் புறப்பட்டார். காலை ரயிலில் துறைமுகத்துக்குப் போய்விட்டார். அவர் மறந்துவிட்ட கப்பல் டிக்கெட் மேசையிலேயே கிடந்தது. அடுத்த ரயில் போய்ச் சேருவதற்குள் கப்பல் போய்விடும்.

சைக்கிளை எடுத்தால் பின் டியூப் கிழிந்திருந்தது. சீனர் கடைக்கு ஓடினேன். டயரைப் பார்க்க வேண்டும் என்றார் கடைக்காரர். சைக்கிள் வாங்கிய நாளிலேயே அளவைக் குறித்து வைத்தவன் நான். இருபத்தெட்டு அங்குலம் என்று சொல்லி, கொடுத்ததை வாங்கி நானே மாட்டிக்கொண்டு டிக்கெட்டுடன் கிளம்பினேன்.

பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் டியூப் வெடித்தது. அங்கே சாலை போட்டுக்கொண்டிருந்த கூட்டத்தின் மண்டோர், அதாவது மேஸ்திரி, நம்மவர், வந்து டயரைக் கழற்றிப் பார்த்தார்.

"டயர் ஓரத்துல ஒன்னரைன்னு போட்டிருக்கு, தம்பி. இது ஒன்னேமுக்கால் டியூபு. உள்ள மடிஞ்சு கெடந்து அறுத்துக்கிச்சு."

நான் குறிப்பேட்டைக் காட்டினேன்.

"இருபத்தெட்டு ஒசரம்லா. அகலத்த யாரு எழுதுறது?" என்றார். கல் பரப்பிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

எதற்காக இந்த அவசரம் என்று கேட்டார். சொன்னேன். உடனே தம் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டார். அதுவும் ஒன்றரை டயர்தான். அதன் டியூபை உருவி என் சக்கரத்தில் மாட்டினார்.

"நீங்க எப்படிப் போவீங்க, அண்ணே?" என்று கேட்டேன்.

"நாங்க தங்குற லயம் இங்கதான், பக்கத்துல. நடந்துருவேன்."

கிள்ளான் வழியாகத் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது நண்பர் வாசலில் தம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கப்பலில் ஏறிவிட்டார்.

மறுவாரம் சரியான அளவில் புது டியூப் ஒன்றை வாங்கிக்கொண்டு பத்து தீகாவுக்குப் போனேன். வேலை முடிந்து கூட்டம் வேறெங்கோ போயிருந்தது. அந்தப் பக்கத்தில் லயமே கிடையாது என்றார் சாலையோரத்தில் தேநீர் விற்பவர். அன்றிலிருந்து எதை எழுதினாலும் பொருளை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால், அந்த மனிதர் அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எத்தனை மைல் நடந்தார் என்பதை இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை. குறிப்பேட்டில் அதற்கு விட்ட இடம் காலியாகவே இருக்கிறது.