மூன்றாவது வரிசைத் தாய்

எழுபதுகளின் கடைசியில், இருபது வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, தாயாக நடிப்பது. மலேசியாவில், பாடாங் செராயில் ஒரு பால்மாவு ஏஜென்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வேன் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போகும்; கோயில் திடலில் பெண்களை உட்கார வைத்து மாவைக் கலக்கி டெமோ காட்டுவார்கள். முதல் நாளே சேல்ஸ் மேனேஜர் தேவா அண்ணன் ஒரு கவரிங் தாலியை மேசைமேல் வைத்தார்.

"போட்டுக்க ரோசி. உனக்கு ரெண்டு புள்ள. நீ கம்பெனி ஆளு இல்ல, டவுன்லருந்து கோயிலுக்கு வந்தவ. வெளங்குதாலா?"

"யாராச்சும் என்னையக் கேட்டா?"

"கேக்கணும்னுதானே உன்னைய உக்கார வைக்கிறேன்!"

தொழில் நுணுக்கமும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். முதல் வரிசையில் உட்காரக் கூடாது, மூன்றாவது வரிசை. எடுத்ததும் ஆமாம் போடக் கூடாது. டெமோ நடக்கும்போது, "நானும் மொதல்ல நம்பலக்கா" என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் என் பிள்ளைகள் கொழுகொழுவென்று ஆன கதை. இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று பெருமையாகத்தான் இருந்தது. வீடு வருவதற்குள் தாலியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவேன். அம்மா பார்த்திருந்தால் தோலை உரித்திருப்பார்.

கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ரப்பர் மரம் சீவும் செல்லம்மா அக்கா கைக்குழந்தையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். டெமோ முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, எனக்குப் பால் நல்லாத்தான் வருது. நீ சொன்னதக் கேட்டதும் பயமாயிருச்சு. தாய்ப்பால நிறுத்திட்டு இதுக்கே மாறிடவா? அவரு விக்கிறவரு, அப்படித்தான் சொல்லுவாரு. நீ பெத்தவ. நீ சொன்னா செய்றேன்."

குழந்தை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

"நிறுத்தாதீங்கக்கா. எனக்குப் புள்ளையே இல்ல, கல்யாணமே ஆகல. இந்தத் தாலி அந்த அண்ணன் வாங்கிக் கொடுத்தது."

பின்வரிசையில் ஒரு பெண், "அதான பாத்தேன்! கழுத்துல தாலி இருக்கு, கால்ல மெட்டியக் காணோமேன்னு!" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அன்று ஒரு டின்கூட விற்கவில்லை.

திரும்பும்போது தேவா அண்ணன் சாலை பிரியும் சிம்பாங்கில் வேனை நிறுத்தி, "எறங்கு. தாலியக் குடுத்துட்டுப் போ" என்றார். கொடுத்துவிட்டு நடந்தேன். வேலை போன கவலையைவிட நிம்மதிதான் அதிகம்.

சில மாதம் கழித்துச் செல்லம்மா அக்கா ஆள் அனுப்பினார். தோட்டத்து ஆயாக்கொட்டகையில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. "புள்ள பெறாதவளா?" என்று தோட்ட அலுவலகக் கிராணி இழுத்தார்.

"பொழப்பு போனாலும் போகட்டும்னு எம்புள்ளைக்காக உண்மையச் சொன்னவ. இவகிட்டத்தான் விடுவேன்" என்றார் அக்கா.

சில வருடங்களுக்குப் பிறகு, வேறொரு பால்மாவு சேல்ஸ்மேன் இரண்டு டின்களோடு அந்தக் கொட்டகைக்கு வந்தான்.

"தாய்மாருங்ககிட்ட நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லுங்கக்கா. இது உங்களுக்கு."

"தாராளமா சொல்றேன் தம்பி. நீ குடுத்துத்தான் சொல்றேன்னும் சேத்துச் சொல்லிடறேன்."

டின்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதைத்தான்: எதை வேண்டுமானாலும் புகழுங்கள், யார் கொடுத்துப் புகழ்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.