சபுராளியை வாத்து விரட்டிய ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் காரைக்குடி ரயிலடியில் நாங்கள் நான்கு பேர் நின்றோம்: என் அக்கா ஆயிஷா, அவள் கணவர் காதர் மச்சான், அவர்களுடைய ஐந்து வயது மகள் நூரு, நான். எழுபத்திரண்டாம் வருடம், தை மாதத்து ஞாயிறு. கல்லலுக்கு மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு அறுபது பைசா, நூருவுக்கு அரை டிக்கெட். தூரம் பத்து மைல் இருக்கும்.

கல்லலை அடுத்து ஒரு செட்டியார் வீட்டுப் பிள்ளை, குழந்தைகள் பார்ப்பதற்கென்றே ஒரு பண்ணை திறந்திருக்கிறார். முயல், வான்கோழி, சீமை வாத்து எல்லாம் உண்டு. மட்டக்குதிரை வண்டியில் ஏறிச் சுற்றலாம். பால் கறப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஞாயிறு மட்டும் அனுமதி. பெரியவர்களுக்கு இருபத்தைந்து பைசா, பிள்ளைகளுக்குப் பத்து. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து முடித்தவன் நான். இப்போது ஆரம்பப் பள்ளி ஆசிரியன். பள்ளிப் பிள்ளைகளுடன் ஒருமுறை அங்கே போயிருந்ததால் இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டதும் நானே.

“வாத்தியாரு வாத்துப் பாக்கக் கூப்புடுறாரு” என்று அக்கா ஒரு வாரமாகக் கேலி செய்தாள். “நம்ம கொல்லையில நிக்கிறது கோழி இல்லாம யானையா?”

கேலி செய்தாலும் காரணம் அவளுக்குத் தெரியும். மச்சான் பினாங்கில் மளிகைக் கடையில் வேலை பார்ப்பவர். அவர் கப்பலேறும்போது நூரு பிறந்திருக்கவில்லை. போன மாதம் அவர் வந்து இறங்கியதும் எங்கள் செக்காலைத் தெருவே ‘சபுராளி வந்திருக்காக’ என்று வீட்டுக்கு வந்து பார்த்துப் போயிற்று. கடல் கடந்து பிழைக்கப் போனவர்களை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். நூரு அதையே அவர் பெயராக எடுத்துக்கொண்டாள். “சபுராளி, அம்மா சாப்புடக் கூப்புடுறாக” என்பாள். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். உன் அத்தா யார் என்று கேட்டால் சுவரில் மாட்டிய மச்சானின் படத்தைக் காட்டுவாள். அதட்டியும் பார்த்தோம், மிட்டாய் கொடுத்தும் பார்த்தோம். இன்னும் எட்டு நாளில் மச்சானுக்கு நாகப்பட்டினத்தில் கப்பல். மறுபடி வர நாலு வருடம் ஆகலாம். அத்தா என்று ஒருமுறை கூடக் கேட்காமல் அவர் போய்விடுவாரோ என்ற பயம் எங்கள் எல்லோருக்குள்ளும் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் விலகியே இருக்க வேண்டும், தகப்பனும் மகளும் சேர்ந்தே இருக்க வேண்டும், மீதியை முயல்கள் பார்த்துக்கொள்ளும். என் திட்டம் அவ்வளவுதான்.

ரயில் நகர்ந்த உடனே நூரு என் மடியில் ஏறிக்கொண்டாள். எதிரில் கீரைக்கூடையோடு இருந்த அம்மாள், “ஒங்க மகளா தம்பி? அப்படியே ஒங்க சாடை” என்றார். நான் அவசரமாக, “மகள் இவுகளுக்கு, நான் தாய்மாமன்” என்று மச்சானைக் காட்டினேன். மச்சான் சன்னலுக்கு வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லலில் இறங்கி மாட்டுவண்டி பிடித்துப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. வாசலில் கருப்பையா என்ற காவலாள் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். முயல் கூண்டருகே நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். மச்சான் ஒரு கீரைத்தண்டை நீட்டி, “இந்தாம்மா, நீ குடு” என்றார். அவள் வாங்கினாள். எனக்கு மூச்சு வந்தது. உடனே திரும்பி, “மாமா, சபுராளி கீரை குடுத்தாக!” என்று கத்தினாள். குதிரை வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம். நான் நழுவப் பார்த்தேன். மாமா வந்தால்தான் ஏறுவேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் நானும் அவளும் சுற்றி வந்தோம். மச்சான் வேலியோரம் நின்று சிரித்துக் கை காட்டினார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

“விடுடா, சின்னப்புள்ளதானே” என்றாள் அக்கா.

பதினொரு மணிக்குக் குளத்துப் பக்கம் போனோம். மச்சான் பினாங்குக் கைலி கட்டியிருந்தார், பச்சையில் பெரிய கட்டம் போட்டது. கரையில் நின்ற சீமை வாத்து ஒன்று கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு நேரே அவரிடம் வந்தது. மச்சான் ஓட்டம் பிடித்தார். ஒரு செருப்பு அங்குட்டு, ஒரு செருப்பு இங்குட்டு.

“ஓடாதீக! ஓடுனா அது விடாது!” என்று கருப்பையா கத்தினார். “பேண்டு போட்டவுகள ஒண்ணுஞ் செய்யாது, கைலியக் கண்டாத்தான் அதுக்கு ஆகாது!”

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மச்சான் நின்றதும் வாத்து கைலியின் ஓரத்தைக் கவ்வி இழுத்தது. அப்போது நூரு என் கையை உதறினாள். கீழே கிடந்த வேப்பங்குச்சியை எடுத்துக்கொண்டு, தன் உயரத்துக்கு நின்ற அந்த வாத்தின் முன்னால் போய்,

“எங்க அத்தாவ விடு! போ அங்குட்டு!” என்று ஒரு அதட்டு அதட்டினாள்.

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. வாத்து கைலியை விடவில்லை. மச்சானும் அதை உதறவில்லை. கருப்பையாதான் வந்து விலக்கிவிட்டார்.

மச்சான் மெல்லக் குனிந்து, “என்னம்மா சொன்ன?” என்று கேட்டார்.

“ஒங்ககிட்டச் சொல்லல. வாத்துக்கிட்டச் சொன்னேன்” என்றாள்.

வேப்பமரத்தடியில் எலுமிச்சைச் சோறும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். நூரு தன் முட்டையின் மஞ்சள் கருவை மச்சான் இலையில் போட்டாள். அவளுக்குப் பிடிக்காதது அது. இதுவரை என் இலையில்தான் விழும். மச்சான் முதலில் அதை எடுத்துத் தின்றார். பிறகு கிளம்பும்வரை அவர் வாத்துக் குளத்தை விட்டு நகரவில்லை. இன்னொருமுறை விரட்டினாலும் சரி என்பதுபோல் இருந்தது அவர் நின்ற நிலை.

இந்தப் பண்ணையில் இருப்பதில் பாதி எங்கள் தெருவிலேயே உண்டு. அக்கா சொன்னது சரிதான். ஆனால் வீட்டில் மச்சானுக்கு எல்லோரும் நாற்காலி போட்டு உட்காரவைத்து மரியாதை செய்தோம். விருந்தாளிக்குச் செய்வதை எல்லாம் செய்துவிட்டு, பிள்ளை மட்டும் அவரை வேறு மாதிரி பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம். என் திட்டத்தில் அந்த மனிதர் பயந்து ஓடுவதற்கு இடமே வைக்கவில்லை.

மாலை ரயிலில் காரைக்குடி திரும்பினோம். மச்சான் தோளில் நூரு அரைத் தூக்கத்தில் கிடந்தாள். சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். அது அவ்வளவு லேசாக இருந்தது. ரயிலடி வாசலில் குதிரை வண்டிக்காரர் எங்களைப் பார்த்து, “எங்குட்டுப் போகணும்? எத்தன பேரு வாரீக?” என்று கேட்டார்.

நூரு கண்ணைத் திறக்காமலே விரல் விட்டு எண்ணினாள்.

“நானு, அம்மா, மாமா,” என்றாள். “அத்தாவும் வாராக.”