துலக்கமான ஒரே முத்திரை

ஓய்வுபெற்ற தபால் குமாஸ்தாவுக்குப் பழைய சீனத் தபால் அட்டைகள் என்றால் உயிர். புதிதாக வந்த அட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எந்தப் பாவி முத்திரை குத்தினானோ! ஊரும் தெரியல, தேதியும் தெரியல."

மனைவி சிரித்தாள். "முப்பது வருஷமா நீங்க குத்தின லட்சணம் தெரியாதா? பாதி மை மேசை மேலதான்."

சொன்னவள் பீரோவிலிருந்து பழுப்பேறிய கடித உறை ஒன்றை எடுத்து நீட்டினாள். கல்யாணத்துக்கு முன் அவர் எழுதியது. முத்திரையில் வட்டம் பிசகவில்லை. தேதி பளிச்சென்று இருந்தது.

"இது மட்டும் எப்படியாம்?"

"உனக்கு வர்றதாச்சே. அச்சைத் துடைச்சு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நானே வச்சேன்."

பிறகு சீனத்து அட்டையை மெல்லத் தடவினார்.

"பாவம், இது முத்திரை குத்தினவன் எழுதினது இல்லையே."