ஒற்றை மிதவையில் நின்ற படகு

2023 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை. ஆடி பிறப்பதற்கு முந்தைய நாள். கொல்லிமலையில் மனைவியின் ஊரில் இருந்தேன். எழுந்ததும் வாசலில் கட்டியிருந்த துணித்துண்டு எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து டைரியில் எழுதினேன். தேநீர் குடித்தேன், சவரம் செய்தேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன். மேற்குக் காற்று. நான் காத்திருந்த காற்று. அதன்பின் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வரைபடம் போடுவது என் வேலை. விடுமுறையில் படகு வரைவேன். அது மூன்று உடல் கொண்ட பாய்மரப் படகு. நடுவில் ஆளுக்கான நீண்ட உடல், இருபுறமும் கை நீட்டியதுபோல் பக்கத்துக்கு ஒரு மிதவை, இடையே உட்கார நைலான் வலை. பொதுவாக அந்த மிதவைகள் படகு சாயாமல் முட்டுக்கொடுக்க மட்டும்தான். எனக்கு அது போதவில்லை. காற்றின் வேகத்தில் நடு உடல் தண்ணீரைவிட்டு எழும்ப வேண்டும், ஒரு பக்க மிதவையே படகு முழுவதையும் தாங்கி ஓட வேண்டும். தண்ணீரில் உரசுவது குறைந்தால் வேகம் கூடும்.

மிதவைகளைப் பெரிதாகவே செய்தேன். முன்பே ஒருநாள் ஒன்றை மட்டும் ஊர் ஏரியில் இறக்கி, உருளாமல் பிடித்துக்கொண்டு, மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளை அடுக்கிப் பார்த்தோம். படகும் ஆளும் சேர்ந்த எடைக்கு மேலேயே தாங்கியது.

"மாமா, இதுல பேளுக்குறிச்சி சந்தைக்கே லோடு அடிக்கலாமுங்க" என்றான் மனைவியின் தம்பி. மிளகு விவசாயி. ஒல்லியானவன் என்பதால் படகில் ஏற வேண்டியவன் அவன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் படகை ஏரியின் நடுவுக்கு ஓட்டிப்போனான். பாய் விம்மியது. நடு உடல் மெல்ல எழுந்தது. அடியில் வெளிச்சம் தெரிந்தது.

"தூக்குது மாமா! தூக்குது!"

நான் கரையில் கைதட்டினேன். அப்போதே மிதவையின் முன்முனை தண்ணீருக்குள் குத்தியது. பின்பக்கம் வானத்தைப் பார்த்தது. படகு தலைகுப்புறக் கவிழ்ந்தது.

"ஏனுங்க, தம்பியக் காணமுங்க!" என்று மனைவி அலறினாள்.

லாரி டியூபில் படுத்து, கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனேன். அவன் வலைக்கு அடியில் இருந்தான். காப்பாற்ற வேண்டிய லைஃப் ஜாக்கெட்டே அவனை மேலே தூக்கி வலையோடு வைத்து அழுத்தியது. மூழ்கி வெளியே வர முடியவில்லை. வலையின் கண்ணில் வாயை வைத்து மூச்சுக்குத் தவித்தான். நான் அடியில் போய் ஜாக்கெட்டின் கொக்கியைக் கழற்றி, காலைப் பிடித்துக் கீழே இழுத்து, வெளியே கொண்டுவந்தேன்.

கரையில் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "எம் பொறந்தவனத் தண்ணிக்குள்ள நட்டு வெச்சுட்டீங்களே! இனி ஏறறதுன்னா நீங்க ஏறுங்க."

"உடு அக்கா. மாமன் ஏறுனா நடு உடம்பு தூக்குமா? மூணும் முழுகிப் போயிரும்" என்று அவன் இருமிக்கொண்டே சிரித்தான்.

காரணம் மாலையில் புரிந்தது. லாரியில் பெரும் சுமையைப் பின் அச்சுதான் தாங்கும். அந்தப் பழக்கத்தில் மிதவையின் பின்பக்கத்தைப் பருமனாக்கி, முனையை ஒல்லியாக விட்டிருந்தேன். கிழங்கு மூட்டை வைத்த இடத்தில் இருக்கும்; அதனால் சோதனையில் இது தெரியவில்லை. காற்றோ பாயின் உச்சியைப் பிடித்து முனையைக் கீழே அமுக்கும். முனையைப் பருமனாக்கிப் புதிதாக வரைந்தேன், அழித்தேன், எழுந்து நடந்தேன், மறுபடி வரைந்தேன்.

"மூக்க மட்டும் மாத்துங்க மாமா. அடுத்த வாரம் நானே ஏறறேன்" என்று சொல்லிவிட்டு மைத்துனன் தன் வீட்டுக்குப் போனான்.

அந்த நம்பிக்கைதான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தத் தவறு தெரிந்துவிட்டது. தெரியாத இன்னொன்று இருந்தால்?

மறுநாள் விடிந்ததும், கரைக்கு இழுத்துவந்தபடியே கவிழ்ந்து கிடந்த படகிடம் போனேன். வரைபடத்தை எடுத்துப் போகவில்லை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வலைக்கு அடியில் மல்லாந்து படுத்து, கை தானாக எங்கே போகிறது என்று பார்த்தேன். அந்த இடத்தில், ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இரண்டு வலைகளையும் அறுத்து வழி வைத்தேன். இன்று லாரிக்கு வரைய உட்கார்ந்தாலும், முதலில் அது கவிழ்ந்து கிடப்பதாக நினைத்து, உள்ளே இருப்பவர் வெளியேறும் வழியைத்தான் தேடுகிறேன்.