பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்த ஜைத்தூன் அக்கா

ஜைத்தூன் அக்கா இறந்துவிட்டார். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள்.

தன் தம்பி ஜமாலின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அரிமளத்திலிருந்து திருமயத்துக்கு வந்திருக்கிறார். லேசான தூறல். ரோட்டில் ஒரு பள்ளம். பின் சக்கரம் துள்ளி விழுந்து, ஈரத்தில் அப்படியே வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. ஜமால் அண்ணனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அக்காவுக்குத் தலையில் அடி... ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் ஷோரூம் வாட்ஸ்அப் குரூப்பில் காலையிலிருந்து கும்பிடும் கைகளாக வந்து விழுகின்றன. அக்கா அங்கே வேலை பார்த்தபோது ஒருத்தரும் கும்பிட்டதில்லை. நானும்தான்.

தெரியாதவர்களுக்கு: திருமயத்தில் நான் வேலை பார்க்கும் பைக் ஷோரூமில் அக்கா சர்வீஸ் கவுண்டரில் இருந்தார். வண்டி விட வருகிறவர்கள் சொல்லும் கம்ப்ளைன்ட்டை ஜாப் கார்டில் எழுத வேண்டும், அதுதான் வேலை. நான் சேல்ஸ்.

நாங்கள் அதிகம் விற்பது ஒரு சின்ன வண்டியைத்தான். வேலைக்குப் போகிறவர்கள், மைலேஜ் பார்க்கிறவர்கள் வாங்குவது. அந்த மாடலில் முதல் வண்டி வந்து இறங்கியதும் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"வா தம்பி, நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காந்து வாரேன்."

"ஏன்க்கா, நீங்களே ஓட்டிப் பாக்கலாம்ல?"

"ஓட்டுறவனுக்கு என்ன தெரியும்? பள்ளத்தப் பாத்ததும் கால ஊனி எந்திரிச்சுக்குவான். பின்னாடி இருக்கவளுக்குத்தான் நேரா முதுகுல வந்து விழும்."

கோட்டைப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தோம். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். "இது ஷாக் அப்சார்பரா, இல்ல ரெண்டு கம்பிய முட்டுக் குடுத்து வச்சிருக்காய்ங்களா?"

குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "மைலேஜுக்காக ஒல்லியாக் குடுத்துட்டாங்க. கல்லு மாதிரி இருக்கு தம்பி. நனைஞ்ச ரோட்டுல இது பிடிக்காது."

நான் சிரித்தேன். விற்கிறவன் வேறென்ன செய்வான்...

ஐப்பசி மழையில் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். "பிரேக் புடிச்சா பின்னாடி இழுத்துட்டுப் போகுதுங்க." "வீட்ல ஏழு மாசம்ங்க, இந்த வண்டில ஏற மாட்டேங்குது." அக்கா அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே கார்டில் எழுதினார்.

மேனேஜர் வந்து, "காத்துக் கம்மியா இருந்துச்சுன்னு எழுதுங்கம்மா" என்றார்.

"காத்து நானே செக் பண்ணேன் சார். சரியாத்தான் இருக்கு."

கம்பெனியிலிருந்து ஏரியா ஆபீசர் வந்த அன்று, மேனேஜர் ரூமில் அந்தக் கார்டுகளையெல்லாம் அக்கா டேபிளில் பரப்பி வைத்துவிட்டார். ஆபீசர் ஒன்றைக்கூட எடுத்துப் படிக்கவில்லை.

"இந்த விலைக்கு இவ்வளவுதாம்மா வரும்."

"வெலைக்குத் தகுந்த முதுகா சார் வச்சிருக்காங்க, வாங்குறவங்க?"

ஆபீசர் முகம் மாறியது. மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். "நீதானே இவங்களோட மழையில ஓட்டிப் பாத்த? வழுக்குச்சா?"

ரெண்டு நாள் முன்னால்தான் அக்காவைப் பின்னால் வைத்து மழையில் ஓட்டியபோது, பஸ் ஸ்டாண்ட் திருப்பத்தில் பின் சக்கரம் விலகிப் போய், அக்கா என் சட்டையைப் பிடித்து, காலர் கிழிந்திருந்தது.

"இல்ல சார். எனக்கு அப்படி ஒண்ணும் தெரியல."

அக்கா என்னைத் திட்டவில்லை. கார்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரம் அவரை வாட்டர் வாஷுக்கு டோக்கன் கொடுக்கப் போட்டார்கள். அதற்கடுத்த வாரம் அவரே நின்றுவிட்டார். ரெண்டு மாதத்தில் நான் சேல்ஸ் இன்சார்ஜ்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை...

போன வருடம் ஜமால் அண்ணன் அதே வண்டியை வாங்க வந்தார். அக்காவை அவர் 'லாத்தா' என்றுதான் சொல்வார்.

"லாத்தா இது வேணாம்னுதான் சொல்லுச்சு தம்பி. வேற வண்டி நமக்குக் கட்டாதே. பின் டயர மட்டும் நல்லதா மாத்திக் குடுங்களேன்."

மாசக் கடைசி. என் டார்கெட்டுக்கு ஒரு வண்டி குறைந்தது. டயர் வெளியிலிருந்து வரவழைத்து மாட்டினால் டெலிவரி அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

"புது டயர்ண்ணே, அதப் போய் மாத்துவாங்களா? தேயட்டும், பாத்துக்கலாம். அக்கா எப்பவும் அப்படித்தான் எதையாவது சொல்லும்."

நம்பி எடுத்துக்கொண்டு போனார்.

நேற்று அடக்கம் முடிந்து மையவாடி வாசலில் அவர் என் கையை விடவே இல்லை. "முப்பதுலதான் தம்பி வந்தேன். சத்தியமா முப்பதுதான். அந்தப் பள்ளத்த நான் பாத்திருக்கணும்ல? எங்க லாத்தாவ நானே கொன்னுட்டேன்ல?"

"அழாதீங்கண்ணே" என்றேன்.

அவர்கள் வீட்டுப் பக்கம் போனபோது சந்தில் அந்த வண்டி நின்றது. ஹேண்டில் வளைந்திருந்தது. பின்னால் நாங்கள் போட்டுக் கொடுத்த அதே டயர். இன்னும் தேயக்கூட இல்லை.

ஜமால் அண்ணே, நீங்கள் ஃபேஸ்புக்கில் இல்லை, தெரியும். யாராவது படித்துக் காட்டுவார்கள். நீங்கள் சரியாகத்தான் ஓட்டினீர்கள். அந்த ரூமில் நான் பொய் சொன்னேன். உங்களிடமும் பொய்தான் சொன்னேன்.

எங்கள் மேனேஜரும் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் இருக்கிறார். படிக்கட்டும்.

நாளைக் காலையில் வீட்டுக்கு வருகிறேன் அண்ணே. கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம்.

ஜைத்தூன் அக்கா... ஸலாம்.