கள்ளக் கொப்பியில் வராத படகு

பல் சுத்தம் செய்யப் போன இடத்தில் தொடங்கிய பயணம் இது. ஸ்காபரோவில் நான் போகும் பல் மருத்துவ நிலையத்தில் இரீனா என்ற ரஷ்யப் பெண் வேலை செய்கிறார். என் வாய்க்குள் கொக்கியை வைத்துக்கொண்டே என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வீடியோ கேம் கம்பனியில் பிழை பார்ப்பவள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். எங்கள் விளையாட்டின் பெயரைக் கேட்டதும் கொக்கியை வெளியே எடுத்துவிட்டார்.

"உங்கட கேமிலை கடைசிப் படகு வரேல்லை. நானும் தம்பியும் எத்தினையோ கிழமையாக் காத்துக்கொண்டு நிக்கிறம்" என்றார். (பேசியது ஆங்கிலத்தில்தான். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.)

தம்பி தீமா இருப்பது ரஷ்யாவில், ஓம்ஸ்க் நகரத்தில். போர் தொடங்கி ரஷ்யா மீது மேற்கு நாடுகளின் தடை வந்த பிறகு அங்கிருந்து எங்கள் விளையாட்டை வாங்க முடியாது. அவனுடைய வங்கி அட்டை வெளியே வேலை செய்யாது, எங்கள் கம்பனியும் அங்கே விற்பதை நிறுத்திவிட்டது. ஆகவே அவனிடம் இருப்பது கள்ளக் கொப்பி, அதாவது காசு கொடுக்காமல் இறக்கிய திருட்டு நகல். அக்காவிடம் இருப்பது காசு கொடுத்து வாங்கியது. இரண்டையும் ஏதோ வித்தை செய்து இணைத்து, சனிக்கிழமைகளில் சேர்ந்து விளையாடுகிறார்கள். அவன் இங்கே வர வழியில்லை, அவருக்கு அங்கே போகப் பயம். போனில் பேசலாமே என்றேன். "போனிலை ஓம், இல்லை, ரெண்டும்தான் சொல்லுவான். கேமுக்குள்ளைதான் கதைப்பான்" என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. கண் எரிய எரிய வேலை செய்த விளையாட்டு அது. கள்ளக் கொப்பியில் மட்டும் கதவு திறக்காமலோ வாகனம் ஓடாமலோ போகும்படி சில கம்பனிகள் பொறி வைப்பதுண்டு. எங்களவர்களும் வைத்திருப்பார்கள், அதுதான் படகு வரவில்லை, நல்லாய் வேணும் என்று நினைத்தேன். ஆனாலும் நேரில் பார்க்கும் ஆசை விடவில்லை, சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றேன்.

"கள்ளன்ர வீட்டுக்குப் பூட்டுத் திருத்தப் போறீரோ?" என்றார் என் கணவர்.

"எங்கட ஷோகேஸிலை கிடக்கிற டிவிடி எல்லாம் நீர் காசு குடுத்து வாங்கின ஒறிஜினலோ?" என்றேன். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மனிதர், என் பஸ் அட்டையைத் தேடி எடுத்துத் தந்தார்.

ஒக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு மார்க்கம் ரோட்டும் பிஞ்ச் வீதியும் சந்திக்கும் இடத்தில் முப்பத்தொன்பதாம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். கட்டணம் மூன்று டொலர் முப்பது சதம். அட்டையைத் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்கு எந்த பஸ்ஸிலும் மாறிக்கொள்ளலாம். ஓட்டுநர் எங்கள் ஆள், தமிழர். "பிஞ்ச் ஸ்டேஷனிலை இறங்கி அறுபதை எடுங்கோ தங்கச்சி. பின்னுக்கு இருந்து நித்திரை கொள்ளாதேங்கோ, வேற ஊரிலைதான் எழும்புவியள்" என்றார். ஏறத்தாழ இருபது கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம்.

ஸ்டீல்ஸ், பதர்ஸ்ட் வீதிகள் சந்திக்கும் பக்கம் இறங்கினால் கடைப் பலகைகளில் ரஷ்ய எழுத்து. ஒன்றும் வாசிக்கத் தெரியாமல் நின்றபோது, எங்கள் தமிழ்க் கடைகள் உள்ள பிளாசாக்களுக்கு வரும் மற்றவர்களின் நிலைமை விளங்கியது. பேக்கரியில் விரலால் காட்டி, உள்ளே கோவா (முட்டைக்கோஸ்) வைத்த பணிஸ் நான்கு வாங்கினேன். சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் எண்ணெய் தெரியும்.

இரீனாவின் வீடு பதினோராம் மாடி. கணினியில் தீமாவின் குரல், அங்கே இரவு எட்டு மணி. திரையில் ஒரு தீவின் இறங்குதுறை, அதில் இரண்டு உருவங்கள், அக்காவும் தம்பியும். மணி அடித்தது. படகு வந்தது, கரைக்குக் கிட்ட வந்து திரும்பிப் போனது. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே. நான் நினைத்ததுதான், கள்ளக் கொப்பிக்கு வைத்த பொறி என்று முடிவுகட்டி, "பாத்துச் சொல்லுறன்" என்று மழுப்பிவிட்டு வெளிக்கிட்டேன்.

சப்பாத்துப் போட்டுக் கதவைத் திறக்கும்போது இரீனா என் கையைப் பிடித்து, வாசலில் கிடந்த வாங்கில் உட்கார வைத்தார். "ஒரு நிமிஷம் இருங்கோ." அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டேன். பயணம் வெளிக்கிட முதல் எல்லாரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழும்ப வேண்டும், அது அவர்களுடைய வழக்கமாம். சகுனம் பிழைத்தால் நாங்களும் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தானே போவோம்?

அப்போதுதான் பொறி தட்டியது. "மணி அடிச்ச உடனை நீங்கள் ரெண்டு பேரும் கேமிலையும் இப்பிடிக் குந்தி இருக்கிறனீங்களோ?"

"ஓம். படகு வருதெண்டால் பயணம்தானே. நான் ஓம்ஸ்க்கை விட்டு வந்த அண்டைக்கு அவசரத்திலை நாங்கள் இப்பிடி இருக்கேல்லை. கேமிலை எண்டாலும் இருக்காமல் போக அவன் விடமாட்டான்."

நான் படகைத்தான் பார்த்திருந்தேன், அவர்களைப் பார்க்கவில்லை. இருவரும் நின்றால்தான் படகு கரைக்கு வரும். மணி கேட்டதும் எங்கள் அலுவலகத்தில் எவரும் உருவத்தை உட்கார வைத்துப் பார்த்ததில்லை. கள்ளக் கொப்பிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காசு கொடுத்து வாங்கியவர் உட்கார்ந்தாலும் படகு திரும்பிவிடும். எனக்கு வெட்கமாக இருந்தது.

சப்பாத்தோடு உள்ளே ஓடிச் சொன்னேன். இரீனா தம்பிக்கு மொழிபெயர்த்தார். அவன் கேட்டான், படகில் ஏறினால் பிறகு என்ன?

"முடிஞ்சுது. கேமைச் செய்த ஆக்களின்ர பேர் ஓடும்."

"ரெண்டாம் பாகம்?"

"வருது. உங்களுக்கு விக்கமாட்டம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் வாயிலிருந்து வந்த சொல் என்று உறைத்தது.

மணி அடித்தது. இரீனாவின் உருவம் நின்றது. தீமா ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னான். "இண்டைக்கும் குந்தி இருப்பமாம், முடிஞ்சால் பிறகு எங்கை கதைக்கிறதாம்" என்றார் இரீனா. அவனுடைய உருவம் உட்கார்ந்தது. கொஞ்சம் பொறுத்து அவருடையதும் உட்கார்ந்தது. படகு திரும்பிப் போனது.

போக விரும்புபவர்களுக்கு: காலையில் போங்கள், பணிஸ் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். அங்கே வாகனம் நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு, பஸ்தான் வசதி. யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால், திரும்பும் பஸ்ஸுக்கு நேரத்தைச் சரியாகக் கணக்குப் பார்க்காதீர்கள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். நான் கண்ட பிழையை எழுதிக் கொடுத்தால் ஒரு நாளில் திருத்திவிடுவார்கள். அதோடு இரீனாவின் விளையாட்டு தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். தீமாவின் கள்ளக் கொப்பி பழையதாகிவிடும், இரண்டும் இணையாது, அக்கா நிற்கும் அந்த இறங்குதுறைக்குள் அவன் நுழையவே முடியாது. எனக்குச் சம்பளம் தருவது பிழையைச் சொல்வதற்குத்தான். இதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.